வாங்கி வந்த மீன் சாகிறதா? தவறு கடையிலா தண்ணீரிலா என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் அபார்ட்மென்ட்டில் யார் வீட்டு மீன் செத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மீன் வாங்குவார்கள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கும். "அண்ணா, ரெண்டு மிதக்குது, ஒண்ணு ஒருக்களிச்சுப் படுத்திருக்கு, நல்ல மீனுன்னு சொல்லித்தானே குடுத்தாரு?" சென்னையில் பதினான்கு வருடமாக மீன் வளர்க்கிறேன். இப்படி எத்தனையோ வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன், காரணங்கள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே உள்ள முதல் வேலையை அதிலிருந்துதான் கற்றேன். எங்கள் ஏரியாவில் ஒரு கடை. இருபது நியான் டெட்ரா வாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் ஏழுதான் மிச்சம். செத்ததை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல், "உங்க தண்ணி சரியில்ல சார், நம்மகிட்ட பாருங்க, எல்லாம் நல்லாத்தானே ஓடுது" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மீன் வந்த கவரில் இருந்த தண்ணீரை அன்றைக்கே சிங்க்கில் கொட்டியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து அதே கடையில் ஐந்து மட்டும் வாங்கி, கவர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அளந்தேன். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,350. என் தொட்டியில் 90. அவர் கடையில் போர் தண்ணீர், என் வீட்டில் ஆர்ஓ தண்ணீர். "உங்க வீட்ல என்ன தண்ணி சார்?" என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பதின்மூன்றும் பிழைத்திருக்கும். பணம் போனதைவிட அந்தக் கேள்வியைக் கேட்காமல் விற்றார் என்பதுதான் இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் அரை மணி நேரம்

கவர் தண்ணீரைக் கொட்டாதீர்கள். 200 மில்லியாவது ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து மூடி வையுங்கள். பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்), அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் விஷம்) இரண்டையும் கவரைத் திறந்தவுடனே பாருங்கள், நேரம் போனால் பிஎச் ஏறிவிடும். டிடிஎஸ் மறுநாள் பார்த்தாலும் மாறாது. அப்புறம் அதே அளவுகளை உங்கள் தொட்டித் தண்ணீரிலும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒரு காகிதத்தில் பாதி விடை இருக்கும்.

சாகும் மீனை, செத்த மீனை, தொட்டி முழுவதையும் போனில் வீடியோ எடுங்கள். லைட்டை அணையுங்கள், தீனி போடாதீர்கள், ஏர் பம்ப் ஓடட்டும். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள், கிடந்தால் அதுவே அம்மோனியாவை ஏற்றும்.

எந்த மருந்தும் ஊற்றாதீர்கள். நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏற்கெனவே நீலமாக இருக்கும். பயத்தில் மெத்திலீன் ப்ளூவை ஊற்றியிருப்பார்கள். அது ஃபில்டரில் அழுக்கைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், அதற்குமேல் எதனால் மீன் செத்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

கையில் இருக்க வேண்டியவை ஒரு தெர்மாமீட்டர், டிடிஎஸ் மீட்டர், சொட்டு மருந்து மாதிரி வரும் அம்மோனியா, நைட்ரைட் (அம்மோனியாவை பாக்டீரியா மாற்றும்போது வரும் இன்னொரு விஷம்), பிஎச் டெஸ்ட் கிட். எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல ஃபில்டர் விலைதான் ஆகும். இதில்லாமல் யார் தவறு என்று பேசுவது வீண் வாய்ச்சண்டை.

## வாங்கிய அன்றே, சில மணி நேரத்தில் சாகிறது

பழைய மீன்களும் சேர்ந்து தத்தளிக்கிறதா?

ஆம் என்றால் கடையை விடுங்கள், உங்கள் தண்ணீரைப் பாருங்கள். புது மீன் வருகிறதே என்று அன்று காலையில் தண்ணீர் மாற்றினீர்களா? மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் இரண்டிலும் குளோரின் இருக்கும், சில நாள் சம்ப்பைத் திறந்தாலே வாசனை வரும். ஆன்டி குளோரின் சொட்டை முழுத் தொட்டியின் அளவுக்குக் கணக்குப் போட்டு ஊற்றுங்கள், ஏர் ஸ்டோனை வேகமாக விடுங்கள். அடுத்த தடவை தண்ணீரை ஒரு நாள் முழுக்க ஏர் விட்டு வைத்திருந்து ஊற்றினால் இந்தப் பிரச்சினையே வராது. சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று வாட்ச்மேனிடமும் கேளுங்கள், இரண்டு வீடுகளில் காரணம் அதுதான்.

புது மீன் மட்டும் சாகிறதா?

முதலில் வெப்பநிலை. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு பைக் முன்னால் கவரைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால் தண்ணீர் எளிதாக 35 டிகிரியைத் தாண்டும். வீட்டில் ஏசி அறையில் தொட்டி 25ல் இருக்கும். கவரைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடாமல் நேராகக் கொட்டியிருந்தால் இதுதான் காரணம்.

அடுத்தது டிடிஎஸ், பிஎச் வித்தியாசம். கவரில் அதிகமும் தொட்டியில் குறைவாகவும் இருந்தால் மீன் தாங்காது, சிறிய டெட்ராக்கள் சுத்தமாகத் தாங்காது. வித்தியாசம் 200, 300க்குள் இருந்தால் ஏர் ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைக் கவரில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்கினால் போதும். எனக்கு நடந்தது போல ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரச் சொட்டு போதாது. தனியாக ஒரு சின்னத் தொட்டியிலோ பக்கெட்டிலோ கடைத் தண்ணீருக்குச் சமமாகப் போர் தண்ணீர் கலந்து, அதில் மீனை விட்டு, இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தண்ணீருக்கு மாற்றுங்கள்.

ஆனால் வெளியூரிலிருந்து பார்சலில் வந்த மீனுக்கு இந்தச் சொட்டு வேலை ஆகாது. ஒரு நாள் முழுக்க மூடிய கவரில் மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அந்த நிலையில் அம்மோனியா அவ்வளவு கெடுதல் செய்யாது. நீங்கள் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். அந்தத் தண்ணீரிலேயே மீனை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் நாமே கொன்றதாகிவிடும். இந்த மீனுக்கு வெப்பநிலையை மட்டும் சரிசெய்து, வலையில் எடுத்து, ஏற்கெனவே கடைத் தண்ணீருக்குப் பொருத்தி வைத்த தண்ணீரில் விடுங்கள். கவர் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

இதெல்லாம் சரி, தொட்டி அளவுகளும் கவர் அளவுகளும் ஒத்துப்போகின்றன, கடையும் பத்து நிமிட நடைதான் என்றால், அப்போது கடையைத்தான் பார்க்க வேண்டும். கவர் தண்ணீர் கலங்கி நாற்றம் அடிக்கிறதா? பத்து நிமிடத்தில் கவருக்குள் அம்மோனியா ஏறாது, ஏறியிருந்தால் கடைத் தொட்டியிலேயே இருந்திருக்கிறது. இன்னொரு காரணம் லோடு. ஏஜென்ட்டிடமிருந்து இன்று காலை இறங்கிய மீனை இன்று மாலையே விற்கிறார்கள். இரண்டு நாளில் மூன்று கவர், மூன்று தண்ணீர் மாறிய மீன் அது. "லோடு எப்போ வந்தது?" என்று கேளுங்கள். ஒரு வாரம் ஆகியிருந்தால் வாங்கலாம். நேர்மையான கடைக்காரர், "இன்னைக்கு வேணாம் சார், அடுத்த ஞாயிறு வாங்க" என்பார். சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் எனக்கு அப்படிச் சொன்னவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் இன்றும் வாங்குகிறேன்.

## இரண்டு, மூன்று நாளில் ஒவ்வொன்றாகச் சாகிறது

தொட்டி, மோட்டார், கல், மீன் எல்லாம் ஒரே நாளில் வாங்கியதா?

ஆம் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், அம்மோனியாவைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் என்ன காட்டினாலும் அதுதான் காரணம். புதுத் தொட்டியில் ஃபில்டர் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் பத்துப் பதினைந்து மீனை விட்டால் அவற்றின் கழிவே அவற்றைக் கொல்லும். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. கடைக்காரருக்கு இது தெரியும். முதல் தடவை வருகிறவர், கூடவே ஆறு வயதுக் குழந்தை, இரண்டு அடித் தொட்டிக்கு "இருபது மீன் தாராளமா விடலாம் சார்" என்று எண்ணிக் கொடுக்கிறார். அடுத்த வாரம் அந்தக் குழந்தை அழுதுகொண்டே மறுபடி வந்து இன்னும் பத்து மீன் வாங்கும். தொட்டியை மட்டும் இன்று கொடுத்துவிட்டு மீனுக்கு அடுத்த மாதம் வரச் சொன்னால் அந்தக் குடும்பம் பத்து வருடத்துக்கு அவருடைய வாடிக்கையாளராக இருக்கும், இதை ஏன் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

செய்ய வேண்டியது: தினமும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலைத் தண்ணீர். தீனி இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு சிட்டிகை. மீன் பட்டினியால் அவ்வளவு சீக்கிரம் சாகாது. தெரிந்தவர் வீட்டில் ஆரோக்கியமாக ஓடும் பழைய தொட்டி இருந்தால் அதன் ஃபில்டரில் பாக்டீரியா படிந்த ஒரு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள், ஆறு வாரம் என்பது ஓரிரு வாரமாகக் குறையும். கடையிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் வாங்க நான் சொல்ல மாட்டேன், நோயும் சேர்ந்து வரும். உங்கள் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசுங்கள்.

அம்மோனியா பூஜ்யம், ஆனால் நைட்ரைட் ஏறியிருக்கிறது, செவுள் பழுப்பாகத் தெரிகிறது என்றால் அதே தண்ணீர் மாற்றம்தான், கூடவே லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு. அயோடின் சேர்க்காதது. தனியாகக் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள்.

தொட்டி பழையது, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்?

மறுபடி டிடிஎஸ் காகிதத்தைப் பாருங்கள். என்னுடைய நியான்கள் முதல் நாள் நன்றாகத்தான் நீந்தின, மூன்றாம் நாள்தான் போயின. அதுவும் ஒத்துப்போகிறது என்றால் தொட்டியில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று லைட் அணைத்த பிறகு உட்கார்ந்து பாருங்கள். டைகர் பார்புடன் கப்பி ஆண் மீனை விற்றிருப்பார்கள், வால் துண்டு துண்டாக இருக்கும். அதுவும் இல்லை, மீன் இளைத்து, முதுகு கத்தி போல இருக்கிறது, வெள்ளையாக நூல் மாதிரிக் கழிவு தொங்குகிறது என்றால் உள்ளே ஒட்டுண்ணி, கடையிலிருந்து வந்தது. இதற்கு நீங்களாக மருந்து தேட வேண்டாம், கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

## ஒரு வாரம் கழித்து உடம்பில் புள்ளி, பஞ்சு, தூசி

ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி, மீன் கல்லில் உரசிக்கொள்கிறது

வெள்ளைப்புள்ளி நோய், இக் என்பார்கள். சரியான நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். மீன் உடம்பில் ஒட்டியிருக்கும் புள்ளியை மருந்து தொடாது, அது உதிர்ந்து, தரையில் பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். வெப்பம் கூடினால் இந்தச் சுற்று சீக்கிரம் முடியும். ஆகவே ஹீட்டரில் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று 30 வரை ஏற்றுங்கள், ஏரைக் கூட்டுங்கள், லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பை ஒரே நாளில் போடாமல் இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். சென்னையில் ஏப்ரல், மே என்றால் தண்ணீர் ஏற்கெனவே 30ல்தான் இருக்கும், ஹீட்டர் வாங்க ஓட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் மாலகைட் கிரீன் உள்ள மருந்து, லேபிளில் சொன்ன அளவு. கெளுத்தி இனங்கள், லோச் போன்ற செதில் இல்லாத மீன் இருந்தால் பாதி அளவு. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அது உறிஞ்சிவிடும்.

எல்லோரும் தவறுவது முடிவில். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடுவார்கள், பத்து நாளில் மறுபடி வரும். கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

இது கடையிலிருந்து வந்ததா? ஆறு மாதமாகத் தொட்டியில் புது மீன், செடி, வேறு தொட்டித் தண்ணீர் எதுவும் சேர்க்கவில்லை, இந்த மீன் வந்த பிறகுதான் புள்ளி என்றால், ஆம், கூடவே வந்ததுதான்.

வாயைச் சுற்றி, முதுகில், பஞ்சு அல்லது வெளுத்த படலம்

பூஞ்சை என்று சொல்லி நீல மருந்து கொடுப்பார்கள். காயம்பட்ட ஒரே இடத்தில் நீளமான இழைகளோடு புசுபுசுவென்று இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், உப்பும் மெத்திலீன் ப்ளூவும் தனித் தொட்டியில் கொடுத்தால் போதும். ஆனால் வாயோரம், முதுகில் சேணம் போட்டது போல வெளுப்பு, ஒரே நாளில் இரண்டு மூன்று மீனுக்குப் பரவுகிறது என்றால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. இதற்கு வெப்பம் ஏற்றினால் நோய் வேகமாகும், மேலே சொன்னதற்கு நேர் எதிர். இரண்டையும் குழப்பிக்கொண்டு 30க்கு ஏற்றி மொத்தத் தொட்டியையும் இழந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 25, 26க்கு இறக்குங்கள், நோய்ப்பட்டதைப் பிரியுங்கள், அன்றைக்கே நிபுணரிடம் போங்கள்.

டார்ச் அடித்தால் தங்கப்பொடி தூவியது போல

வெல்வெட். ஃபைட்டர் மீனில் அதிகம் பார்க்கிறேன். தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குங்கள். செம்பு கலந்த மருந்து வேண்டும், அது இறாலையும் நத்தையையும் கொல்லும், தனித் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும்.

செதில்கள் நிமிர்ந்து, வயிறு உப்பி, மேலிருந்து பார்த்தால் அன்னாசிப்பழம் போல

உள்ளுறுப்பு பாதித்துவிட்டது. பிரித்து வையுங்கள். நான் பார்த்த வரை மிகச் சிலதான் பிழைத்தன.

இந்த நான்குக்கும் ஒரே தடுப்பு, புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைப்பது. ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான் செலவு. கடையில் நிற்கும்போதே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்: அதே தொட்டியில் செத்த மீன் கிடக்கிறதா, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறதா, தண்ணீர் நீலமாகவோ மஞ்சளாகவோ இருக்கிறதா. நீலத் தண்ணீர் என்றால் ஏதோ நோய்க்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தத் தொட்டியில் கை வைக்காதீர்கள். தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

## எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

ஃபைட்டர், கௌராமி மேலே வந்து காற்று குடிப்பது அதன் வழக்கம், பயப்பட வேண்டாம். மற்றவை என்றால் கரண்ட் போய் ஏர் நின்றதா, தண்ணீர் 32க்கு மேல் போனதா பாருங்கள், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஒரு மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், பத்து நிமிடத்தில் தெளியும். தெளியவில்லை என்றால் அம்மோனியா, நைட்ரைட், குளோரின் என்ற வரிசையில் பாருங்கள். அடிக்கடி மின்வெட்டு என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

## கடையில் ஜொலித்த நிறம் வீட்டில் மங்கிவிட்டது

ஒரே இரவில் மங்கினால் பயம்தான், இரண்டு நாளில் திரும்பும். திரும்பவில்லை என்றால் கடையின் லைட்டைக் குற்றம் சொல்லலாம், சிவப்பு, நீல எல்இடி போட்டால் எந்த மீனும் ஜொலிக்கும். வாங்கும்போது கடைக்காரர் போனின் வெள்ளை டார்ச்சில் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.

மாதக் கணக்கில் மெதுவாக நிறம் கரைகிறது, மீன் ரோஸ், ஊதா, பச்சை என்று மிட்டாய் நிறத்தில் இருந்தது என்றால் அது சாயம். கண்ணாடி மீன் நம் நாட்டு ஆறு குளங்களில் இருப்பது, உடம்பு முழுக்க ஒளி ஊடுருவும், அதன் அழகே அதுதான். அதற்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்றார்கள். வெள்ளை விடோ டெட்ராவை ரோஸாகவும் நீலமாகவும் ஆக்குவது, பேரட் மீன் உடம்பில் இதயம் வரைவது, எல்லாம் அந்த வகை. இதற்குச் சரிசெய்யும் வழி கிடையாது, பிழைத்திருக்கும் மீனை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்காதீர்கள், வாங்குகிறவர் இருக்கும்வரை அந்த ஊசி நிற்காது.

## "பெரிசாகாது சார்" என்றார், பெரிதாகிக்கொண்டே போகிறது

சக்கர் மீனை டேங்க் கிளீனர் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்பார்கள், அது ஒரு அடிக்கு மேல் வளரும், தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகமாகக் கழிவு போடும். ஷார்க் என்று விற்கும் வெள்ளி நிற மீன் பங்கேசியஸ் கெளுத்தி இனம், ஒரு மீட்டர் வரை போகும். ரெட் டெயில் கேட்ஃபிஷ் அதையும் தாண்டும். தொட்டி சின்னதாக இருந்தால் மீனும் சின்னதாகவே இருக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள், அது வளர்ச்சி குன்றிச் சீக்கிரம் சாகும் மீன்.

முதலில் கடையிலேயே திருப்பிக் கேளுங்கள். காசு தர மாட்டார்கள், மீனை எடுத்துக்கொள்வார்கள் பெரும்பாலும். இல்லையென்றால் பெரிய தொட்டியோ சிமென்ட் தொட்டியோ வைத்திருக்கும் ஆளைத் தேடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் விடாதீர்கள். நம் ஏரிகளில் மீனவர் வலையில் சக்கர் மாட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது, கரையைக் குடைந்து முட்டையிடும், முள்ளான உடம்பு வலையைக் கிழிக்கும், சந்தையில் விலை போகாது. அதில் பலவும் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து தொடங்கியதுதான்.

## மோட்டார் ஓடவில்லை, ஹீட்டர் சுடவில்லை, தொட்டி கசிகிறது

மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் தள்ளவில்லை என்றால் கழற்றி உள்ளே இருக்கும் காந்த விசிறியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், பாதி மோட்டார் இதிலேயே சரியாகும். ஹீட்டரைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் முன் ஸ்விட்சை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள், சூட்டோடு எடுத்தால் கண்ணாடி விரியும். தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் மெயினை அணையுங்கள், மேற்கொண்டு எதையும் நீங்கள் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும் ஆர்சிசிபியும் (மின் கசிவு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவு என்றால் முதலில் டிஷ்யூ காகிதத்தை மூலை மூலையாக ஒற்றிப் பாருங்கள். பல சமயம் ஏர் ட்யூப் வழியாக வழிந்த தண்ணீர்தான். உண்மையிலேயே ஒட்டில் கசிந்தால் தொட்டியைக் காலி செய்யாமல் மேலே சிலிகான் பூசிப் பயனில்லை. இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டியில் 56 லிட்டர், அதாவது 56 கிலோ தண்ணீர் நிற்கிறது. அடியில் தெர்மகோல் வைக்காமல் நேராக மேஜையில் வைத்தீர்களா, மேஜை சமமா என்று பாருங்கள், அது உங்கள் பக்கத் தவறு. எல்லாம் சரியாக வைத்தும் முதல் மாதமே ஒட்டு விட்டால் அது செய்தவர் தவறு, புதுத் தொட்டி கேளுங்கள்.

## கடைக்காரர் கையை விரிக்கிறார்

ஞாயிறு மாலைக் கூட்டத்தில் போய்ச் சத்தம் போடாதீர்கள், நானும் போட்டிருக்கிறேன், ஒன்றும் நடக்காது. வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். கவர் தண்ணீர் பாட்டில், உங்கள் தொட்டித் தண்ணீர் பாட்டில், டெஸ்ட் கிட் மூன்றையும் எடுத்துப் போய் அவர் கண் முன்னால் சோதியுங்கள். அவர் தொட்டித் தண்ணீரையும் சேர்த்து. கையில் எண் இருந்தால் பேச்சின் தொனியே மாறும். இரண்டாவது தடவை நான் அப்படித்தான் போனேன். 1,350 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "பத்து மீன் எடுத்துக்கோங்க சார்" என்றார். அன்றைக்கு நான் எடுக்கவில்லை. தண்ணீர் எண்ணைத் தொட்டி மேல் எழுதி ஒட்டுங்கள் என்று கேட்டேன். ஒட்டவில்லை. அதற்குப் பிறகு அங்கே போகவும் இல்லை.

பில் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் ஜிபே செய்து அந்தப் பதிவையாவது வையுங்கள். "விற்ற மீன் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். மோட்டார், தொட்டி, ஹீட்டர் விஷயத்தில் இது நேராகவே பொருந்தும். மீன் விஷயத்தில் அது வாங்கும்போதே குறையோடு இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும், அந்தக் கவர் தண்ணீரும் வீடியோவும் இதற்குத்தான்.

பேசியும் நடக்கவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இருநூறு ரூபாய் கப்பிக்கு அங்கே போகச் சொல்ல மாட்டேன், உங்கள் நாட்கள்தான் போகும். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய அரோவானா, பெரிய தொட்டி என்றால் தயங்காமல் போங்கள்.

## எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

ஒரே நாளில் மூன்றுக்கு மேல் செத்து, தண்ணீர் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தால். காலம்னாரிஸ் என்று சந்தேகம் வந்தால். உடம்பில் குழிப்புண், ரத்தக் கசிவு தெரிந்தால். மருந்து முழுச் சுற்று முடிந்தும் அதே நோய் திரும்பினால். இந்த இடங்களில் கடையில் தரும் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலை உடைத்துப் போட்டுப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும், ஃபில்டரும் கெடும், எந்த மருந்துக்கு நோய் அடங்கும் என்பதும் தெரியாமல் போகும்.

சென்னைப் பக்கம் என்றால் மாதவரத்திலும் பொன்னேரியிலும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் உண்டு, மீன் நோய் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். செத்து மிதந்து ஊறிய மீனை எடுத்துப் போனால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும் நோய்ப்பட்ட மீன்தான் சிறந்தது, தொட்டித் தண்ணீரோடு கவரில் ஆக்சிஜன் அடித்து எடுத்துப் போங்கள். செத்துவிட்டது என்றால் உடனே எடுத்து, தண்ணீர் இல்லாமல் ஒரு சின்னக் கவரில் போட்டு, ஐஸ் மேல் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதைந்துவிடும். கூடவே தனி பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீர், அளவுகள் எழுதிய அந்தக் காகிதம், இதுவரை ஊற்றிய மருந்துகளின் பெயர், என்றைக்கு வாங்கினீர்கள் என்ற தேதி.